ஒரு ஏக்கர் ரெட் லேடி பப்பாளி: எந்தச் செலவு திரும்பி வரும்?

செம்மண்காடு:
கிணற்றுப் பாசனம், டிரிப் (சொட்டுநீர்) போட்டாச்சு. 6 அடிக்கு 6 அடி, சுமார் 1,200 நாற்று. உரக்கடையில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் மூணும் தலா 19 சதவீதம் உள்ள உரம்), டானிக், வாராவாரம் பூச்சி மருந்து என்று பெரிய பட்டியல் தர்றாங்க. செலவைக் கூட்டினால் மகசூலும் கூடுமா?

வரவுசெலவு:
கடைசியாகப் போடுற ஒரு ரூபாய்க்கு எவ்வளவு திரும்புதுன்னு பாருங்க. ஒண்ணுக்கு மேல் வந்தால் இன்னும் போடலாம், கீழே போனால் நிறுத்திடணும்.

வேளாண் பல்கலைப் பரிந்துரை, மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து தலா 50 கிராம். 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய். 50 கிராம் தழைச்சத்துக்கு 109 கிராம் யூரியா போதும், அது 65 பைசா. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் கிலோ 34, மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட் கிலோ 12 என்று வைத்தால், மூணும் சேர்ந்து ஒரு தடவைக்கு மரத்துக்கு 7 ரூபாய் சொச்சம். இதே சத்தை 19:19:19-ல் கொடுக்க 263 கிராம் வேணும். கிலோ 150 என்றாலே 39 ரூபாய். உங்க கடை விலையைப் போட்டுப் பாருங்க, வித்தியாசம் பெருசா மாறாது.

டிரிப்பில் விடுறதா இருந்தால் மரத்துக்கு வாரம் 13.5 கிராம் யூரியா, 10.5 கிராம் வெள்ளை பொட்டாஷ். சூப்பரை மண்ணில்தான் போடணும், டிரிப்பில் விட்டால் அடைச்சுக்கும். யூரியா மலிவாச்சேன்னு அள்ளிப் போட்டால் மரம் கொழுத்து வளரும், காய் பிடிக்காது.

வரப்போரம்:
உரக் கணக்கு சரி. ஆனா லாபத்தைத் தீர்மானிக்கிறது உயிரோட நிக்கிற மரத்தோட எண்ணிக்கை. மொத்தச் செலவு 3 லட்சம், மரத்துக்கு 30 கிலோன்னு வைங்க. 1,200 மரமும் காய்ச்சால் 36 டன், அடக்கம் கிலோ 8.30. வைரஸில் 500 போனால் 21 டன், அடக்கம் 14 ரூபாய்க்கு மேல். பறிப்புக் கூலி மட்டும் கொஞ்சம் குறையும். உழவு, நாற்று, டிரிப் எல்லாம் ஏற்கெனவே போட்ட காசு.

வளையப்புள்ளி வைரஸை அசுவினிப் பூச்சி பரப்புது. இலையில் குத்திப் பார்க்கிற சில நொடியிலேயே ஏத்திடும், மருந்து பட்டுச் சாகிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். அதனால வாராந்தர ஸ்பிரே வீண். நடுறதுக்கு ஒரு மாதம் முன்னாடி சுத்தி இரண்டு வரிசை மக்காச்சோளம் போடுங்க. பக்கத்தில் பூசணி, வெள்ளரி, தர்பூசணி வேண்டாம். இலைக்காம்பில் எண்ணெய் தடவினாப்ல கரும்பச்சைக் கோடு தெரிஞ்சால் அன்னைக்கே பிடுங்கிடுங்க. காய் இருக்கேன்னு விட்டு வைக்கிறதுதான் பெரிய நஷ்டம்.

மாவுப்பூச்சிக்கும் அவசரப்பட்டு மருந்து அடிக்காதீங்க. 2010-ல் கொண்டுவந்து விட்ட அசிரோபேகஸ் ஒட்டுண்ணிக் குளவி காசில்லாமல் அந்த வேலையைப் பார்க்குது. மருந்தில் முதலில் சாகிறது அதுதான்.

செம்மண்காடு:
தண்ணீர்? தினமும் விடலாமா?

வரவுசெலவு:
தினமும் கொஞ்சமா விடுறது நல்லதுதான், ஆனா தூரில் தேங்கக் கூடாது. டிரிப்பர் தண்டோட ஒட்டி இருந்தால் அடித்தண்டு அழுகும். மேட்டுப்பாத்தி ஒரு அடி உயரம், டிரிப்பர் இரண்டு பக்கமும் ஒரு அடி தள்ளி. அழுகல் தெரிஞ்சால் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர்ங்கிற கணக்கில் போர்டோ கலவையைத் தூரில் ஊத்துங்க.

கோடையில் காய விட்டாலும் நஷ்டம்தான். இருபால் பூக்கள் காய் வைக்காமல் உதிரும். தண்டில் காய் வரிசைக்கு நடுவே ஒரு முழம் மொட்டையா நிக்கும். அந்த இடத்தில் மறுபடி காய் வராது. இந்தப் பயிரில் நல்லாத் திரும்பித் தர்ற செலவில் கோடைத் தண்ணீரும் ஒண்ணு.

வரப்போரம்:
இன்னொண்ணு: பழத்திலிருந்து விதை எடுத்து நாற்றுச் செலவை மிச்சம் பிடிக்கலாம்னு யாராவது சொல்வாங்க. ரெட் லேடி எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பின) ரகம், அடுத்த தலைமுறையில் பழம் ஒரே மாதிரி வராது. அளவு மாறினால் வியாபாரி தரம் பிரிச்சு விலையை இறக்கிடுவார். காய் மேடு பள்ளமா வந்தால் மட்டும் போரான் குறைன்னு எடுத்துக்கலாம். 4-ம், 8-ம் மாதம் துத்தநாக சல்பேட் 0.5 சதவீதம், போரிக் அமிலம் 0.1 சதவீதம் கலந்து தெளிங்க. அது மலிவு, பலனும் தெரியும்.