ஆறு கட்டிலுக்கும் குரல் கட்டளை வைக்கலாமா? சுங்கை சிப்புட் பராமரிப்பு இல்லம்

சிப்புட்_தொண்டர்
எல்லாருக்கும் வணக்கம். நம் ஊர்ப் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கு மோட்டார் வைத்த ஆறு கட்டில்கள் நன்கொடையாக வந்திருக்கின்றன. ஆறும் ஒரே அறையில், மேலே ஜிங்க் கூரை. இருப்பவர்களில் மூவர் பக்கவாதம் வந்தவர்கள். இருவருக்குக் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் அடிபட்டிருக்கிறது. ஒருவர் நுரையீரல் நோயாளி, ஆக்சிஜன் இயந்திரத்தில் இருக்கிறார். கட்டில், ஆக்சிஜன் இயந்திரம், மூக்குக்குழாய் உணவு பம்ப், கூப்பிடும் மணி ஆகிய நான்கையும் நோயாளியின் குரலாலேயே இயக்கலாம் என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. செயற்குழுவில் பாதிப்பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருவிக்காரர்
தம்பி, நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் முதல் தப்பு.

உணவு பம்பை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கொடுக்கும் கட்டளை ஓர் எண். இருபது, அறுபது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் பேச்சில் ரு, று இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு தொடக்கத்தில் வரும் ஒரே ஒரு குறிலில் மட்டும் இருக்கிறது. யாரோ பேசத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் மென்பொருள் கேட்க ஆரம்பிக்கும். அது நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினாலும் அந்தக் குறில் வெட்டுப்பட்டு ‘றுபது’ மட்டும் உள்ளே போகும். மணிக்கு 20 மில்லி ஓட வேண்டிய பால் 60 மில்லி ஓடினால் வயிறு ஊதும், வாந்தி வரும், அந்த வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். மலாயிலும் இதே கதைதான்: டுவா பெலாஸ் (12), டுவா புலோ (20). ஆங்கிலத்தில் பிஃப்டீன், பிஃப்டி. நம்மவர்கள் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியிலும் எண் சொல்வார்கள். ‘ஒன் பாயிண்ட் ஃபைவ்’ என்பதில் ‘பாயிண்ட்’ காதில் விழாமல் போனால் 1.5 என்பது 15 ஆகிவிடும். ஆகவே பம்ப் வேண்டாம்.

ஆக்சிஜன் இயந்திரத்தில் கட்டளை வாங்க இடமே கிடையாது. வீட்டுக்கு வரும் 5 லிட்டர் இயந்திரத்தில் ஓட்டத்தை மாற்றுவது கையால் திருகும் ஒரு குமிழ், அதோடு கண்ணாடிக் குழாயில் மிதக்கும் ஒரு குண்டு. குரலால் முடிவது, ஸ்மார்ட் பிளக் வைத்து மின்சாரத்தைப் போடுவதும் அணைப்பதும். அணைப்பதற்கு எதற்கு ஒரு வசதி? தொலைக்காட்சி சத்தத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு அது ஒருநாள் அணைத்தால் என்ன ஆகும்? நாள்பட்ட நுரையீரல் அடைப்பு இருப்பவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவுக்கு டாக்டர்கள் பொதுவாக வைக்கும் இலக்கு 88 முதல் 92 சதவீதம். திணறும்போது அவரே ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டால் கரியமில வாயு ஏறி மயக்கத்தில் போய்விடலாம்.

மறுவாழ்வுப்பணி
பம்ப், ஆக்சிஜன் விஷயத்தில் அண்ணன் சொல்வதுதான் சரி. அதைச் சாக்காக வைத்துக் கட்டிலையும் மணியையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

தண்டுவடம் சி5 மட்டத்தில், அதாவது கழுத்தின் ஐந்தாம் நரம்பு மட்டத்தில், அடிபட்டவருக்குத் தோள் அசையும், முழங்கை மடங்கும். மணிக்கட்டும் விரலும் வேலை செய்யாது. பேச்சு மட்டும் பெரும்பாலும் இருக்கும். அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு ‘பாதுகாப்பு’ என்று சொன்னால், நடைமுறையில் அவரைக் கத்த விட்டிருக்கிறோம். ஒரு நாளில் எத்தனை தடவை தலைப்பக்கம் ஏற்றி இறக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள். சாப்பிட, மாத்திரை விழுங்க, சளி துப்ப, வந்தவர் முகத்தைப் பார்க்க. ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரின் தயவு வேண்டியிருக்கிறது.

குரல் கட்டளை புதுசும் கிடையாது. ஈசாப் என்ற அறுவைச் சிகிச்சை ரோபோ கை 1996லேயே டாக்டரின் குரலைக் கேட்டுக் கேமராவை நகர்த்தியது. ஆபரேஷன் தியேட்டரில் முடிந்தது நம் இல்லத்தில் ஏன் முடியாது?

இரவுப்பணி
அக்கா, அந்த ஈசாப் நகர்த்தினது கேமராவை மட்டும். கத்தியைக் குரல்கிட்ட கொடுக்கல. டாக்டர் தன் குரலை முன்கூட்டியே பதிவு செஞ்சு வைப்பார், சொல்ல வேண்டிய சொல்லும் கொஞ்சம்தான். 2003ல அந்தக் கம்பெனி டாவின்சி ரோபோ கம்பெனியோட சேர்ந்துச்சு. டாவின்சியில கேமராவைக் கையாலயும் கால் மிதியாலயும்தான் ஓட்டுறாங்க.

எனக்குப் பெரிய கவலை வேற. குரல் எப்போ போகும்னு பாருங்க. மூச்சுத் திணறும்போது நாலு எழுத்துக்கு மேல வாய் வராது. தொண்டையில சளி கட்டினா குரலே மாறிடும். மாஸ்க் போட்டா அமுங்கிடும். உதவி ரொம்பத் தேவைப்படுற அந்த நிமிஷத்துலதான் இது கைவிடும். பக்கவாதம் வந்த மூணு பேர்ல யாருக்காவது மூளையின் இடதுபக்கம் அடிபட்டிருந்தா சொல்லே வராம இருக்கலாம், இல்ல நினைச்சது ஒண்ணு, வாய்ல வர்றது ஒண்ணுன்னு இருக்கலாம். நாக்கு குழறினா மெஷினுக்குப் புரியாது. கூப்பிடுற மணியைக் குரலை மட்டும் நம்பி வைக்கவே கூடாது. கன்னத்தால தட்டுற பெரிய பட்டன் இருக்கு, ஊதினா வேலை செய்யுற குழாய் சுவிட்ச் இருக்கு. வைஃபை வேண்டாம், மொழி வேண்டாம்.

மறுவாழ்வுப்பணி
அந்த சுவிட்ச் எல்லாம் நல்லவைதான், தங்கச்சி. ஆனால் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறோமே, ஒவ்வொரு புரட்டலிலும் பட்டன் கன்னத்தை விட்டு விலகிவிடும். நான்கு அங்குலம் தள்ளிப் போனாலே அவருக்கு அது எட்டாது. சரிசெய்து வைக்க மறந்தால் அடுத்த புரட்டல் வரை அவரிடம் ஒன்றுமே இல்லை. குரலுக்கு இடப்பக்கம் வலப்பக்கம் கிடையாது. ஆகவே இரண்டும் இருக்கட்டும். ஒன்று தவறினால் மற்றது கைகொடுக்கும்.

பக்கவாதக்காரர்களுக்குக் குரல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். கழுத்து அடிபட்ட இருவருக்கும் வேண்டும்.

செம்பனை_வயர்மேன்
ஜிங்க் கூரையைப் பற்றி யாரும் பேசவில்லை. நமக்கு மழை பெரும்பாலும் மாலையில் இடியோடு வரும், அறைக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்கே கேட்காது. ஒரு மீட்டர் தூரத்தில் நம் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். இரைச்சலைவிடக் குரல் 15 டெசிபலாவது மேலே இருந்தால்தான் நம்பி எடுக்க முடியும். சுவரில் ஒரு ஸ்பீக்கரை மாட்டி ஆறு பேரும் பேசலாம் என்பது நடக்காத காரியம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் கூடும். 2 மீட்டரில் இருந்த மைக்கை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் மூன்று பாதி, 18 டெசிபல். வளையும் கம்பியில் மைக்கைப் பொருத்திக் கட்டிலின் தலைப்பக்கத்தில் திருகிவிடலாம். நோயாளியின் தலையோடு சேர்ந்து ஏறும் பகுதியிலேயே திருக வேண்டும். அசையாத கட்டில் சட்டத்தில் திருகினால் தலை ஏற ஏற மைக் பின்னால் போய்விடும். பக்கத்துக் கட்டில்காரர் குரல் உள்ளே வரும் தொல்லையும் இதில் பாதிக்கு மேல் தீரும்.

இணையம் வழியாகக் குரலை அனுப்பும் ஸ்பீக்கர் வேண்டாம். லைன் போனால் கட்டில் செவிடாகிவிடும். அதோடு உடல்நிலை பற்றிய தகவல் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணர்வுமிக்க தரவு. ஆறு நோயாளிகள் பேசுவதை வெளியே அனுப்ப அவர்களின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். பத்துச் சொல்லை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு அங்கேயே முடிவெடுக்கும் சின்ன போர்டு போதும்.

கருவிக்காரர்
பத்துச் சொல் என்பது நல்ல பேச்சு. எந்தப் பத்து என்பதில்தான் ஆபத்து. ‘மேலே’, ‘கீழே’ என்று வைக்கத் தோன்றும். முதல் மெய் வெட்டுப்பட்டால் ‘ஏலே’, ‘ஈளே’. ‘நிமிர்த்து’ என்று வைத்து, நிற்க ‘நிறுத்து’ என்று வைப்பார்கள். இரண்டும் நியில் தொடங்கி த்துவில் முடிகின்றன. நிற்கச் சொன்னால் கட்டில் இன்னும் ஏறும்! ‘தூக்கு’, ‘இறக்கு’ இரண்டுக்கும் வால் ஒன்று. நிறுத்தும் சொல் மற்ற எதனோடும் ஒட்டாததாக இருக்க வேண்டும். ‘போதும்’ என்று வையுங்கள். பதற்றத்தில் நம்மவர் வாயில் தானாக வருவதும் அதுதான்.

அதோடு கட்டில் ரிமோட்டில் ஒரு பாதுகாப்பு உண்டு: விரலை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும். குரலில் எடுப்பதற்கு விரல் கிடையாது. சொல்லிவிட்டு இருமல் வந்தால் கட்டில் ஏறிக்கொண்டே போகும். சிறுநீர்க் குழாய் இழுபடும், பக்கக் கம்பியில் மாட்டிய கை நசுங்கும், அந்தக் கையில் உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியவும் தெரியாது. மலேசியாவில் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம், அதாவது சட்டம் 737, இருக்கிறது. கட்டிலின் வயரை வெட்டி ஒட்டினால், பிறகு நடக்கும் எதற்கும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க மாட்டார். எனக்கு இதில் இன்னும் சம்மதமில்லை.

செம்பனை_வயர்மேன்
வயரை வெட்ட வேண்டாம், அண்ணே. ரிமோட் செருகும் இடத்தில் ஒரு பிரிப்பான் வைத்து, ரிமோட்டோடு இணையாக ரிலே, அதாவது மின்சாரத்தால் மூடித் திறக்கும் சுவிட்ச், போடலாம். ரிமோட் எப்போதும் போல வேலை செய்யும். முதலில் மீட்டர் வைத்து அது வெறும் சுவிட்ச்தானா என்று பாருங்கள். சில ரிமோட்டுகள் உள்ளே சிப் வைத்துக் குறியீடு அனுப்பும். அப்படி இருந்தால் அந்தக் கட்டிலைத் தொடாமல் விட்டுவிட வேண்டியதுதான். தயாரிப்பாளரின் எழுத்துச் சம்மதம் முதலில் வர வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

ஏறிக்கொண்டே போவதற்கு மருந்து: ஒரு கட்டளைக்கு 3 நொடி மட்டும். இந்த 3 நொடியை மென்பொருளில் எண்ண வேண்டாம். போர்டு உறைந்துபோனால் ரிலே மூடியபடியே நின்றுவிடும். நேரம் எண்ணும் 555 டைமர் சிப்பைத் தனியாக நடுவில் வையுங்கள். 270 கிலோ ஓம் மின்தடை, 10 மைக்ரோ பாரட் மின்தேக்கி போட்டால் இரண்டின் பெருக்கல் 1.1 பெருக்கி 2.97 நொடி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எண்ணத் தொடங்கச் சொல்லும் டிரிக்கர் கால் தாழ்ந்தே கிடந்தால் 555 வெளியீட்டை விடாது. ஆகவே போர்டை நேரே இணைக்காமல், நடுவில் 0.1 மைக்ரோ பாரட் மின்தேக்கி, சிப் பக்கம் காலை உயர்த்திப் பிடிக்க 10 கிலோ ஓம் மின்தடை. கட்டிலின் 24 வோல்ட்டை 555க்கு நேரே கொடுத்தால் எரிந்துவிடும், 12க்கு இறக்குங்கள். ஏற்றும் ரிலேயும் இறக்கும் ரிலேயும் ஒரே நேரத்தில் மூடக்கூடாது. ஒன்றின் சுருளுக்குப் போகும் மின்சாரத்தை மற்றது அணைந்திருக்கும்போது மட்டும் மூடியிருக்கும் முனை வழியாகக் கொண்டுபோனால் அது நடக்கவே நடக்காது. ‘போதும்’ என்ற சொல் 555இன் ரீசெட் காலைத் தாழ்த்தட்டும், வெளியீடு உடனே நின்றுவிடும்.

இடி இறங்கி மின்சாரம் போய்த் திரும்பும்போது போர்டின் கால்கள் ஒரு கணம் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும். அந்த நேரத்தில் ரிலே துடிக்காமல் இருக்க, ரீசெட் காலை முதல் 5 நொடிக்குத் தாழ்த்தி வைக்கச் சின்னச் சுற்று ஒன்று வேண்டும். இதை விட்டுவிட்டு எல்லாம் சரி என்று கொடுப்பவர்கள்தான் அதிகம்.

இரவுப்பணி
சுற்று நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் கட்டில் கட்டளையைப் பூட்டிடணும். ஆறு பேருக்கு ஒரு ஆள்தான் டூட்டி. தூக்கத்துல புலம்புறவங்க இருக்காங்க. தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல போனா உடம்பு கீழ சரியும், அடிமுதுகுத் தோல் மெத்தையில ஒட்டிக்கிட்டு எலும்பு மட்டும் நகரும். படுக்கைப்புண் அங்கதான் ஆரம்பிக்கும். விடிய விடிய அப்படிக் கிடந்தா காலையில தோல் சிவந்திருக்கும். மணி மட்டும் திறந்திருக்கட்டும்.

மறுவாழ்வுப்பணி
இரவில் பூட்டுவதற்கு மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு, அதாவது டி6 என்ற நெஞ்சுப்பகுதி ஆறாம் நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடி என்றாலே, ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும் ஒரு நிலை வரலாம். பெரும்பாலும் காரணம் சிறுநீர்க் குழாய் மடங்கியது அல்லது அடைத்தது. தலை வெடிப்பது போல வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், விட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். முதல் வேலை உட்கார வைப்பது, அடுத்தது குழாயைப் பார்ப்பது. ஒரே ஆள் ஐந்தாவது கட்டிலில் ஒருவரைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது இது வந்தால் நீங்கள் வருவதற்குள் நேரம் போய்விடும். அவரே திரும்பத் திரும்ப ‘நிமிர்த்து’ என்று சொன்னால் உட்காரும் நிலைக்கு வந்துவிடுவார். முழுதாகப் பூட்டாமல் 30 டிகிரியில் தடுத்தாலும் அது நடக்காது. வேண்டுமானால் இரவில் இறக்கும் கட்டளையைப் பூட்டுங்கள். ஏற்றுவதைப் பூட்டாதீர்கள்.

கருவிக்காரர்
இந்த ஒரு காரணத்துக்காக நான் இறங்கி வருகிறேன். ஆனால் தூக்கத்தில் ஏறிவிட்டால் யாருக்கும் தெரியாமல் கிடப்பார் என்ற தங்கச்சியின் கவலை அப்படியே இருக்கிறது. அதற்கு வழி சொன்னால்தான் என் ஓட்டு.

செம்பனை_வயர்மேன்
தலைப்பக்கம் ஏறும் பகுதியின் கீலுக்கு அடியில், 30 டிகிரியில் தட்டும்படி ஒரு மைக்ரோ சுவிட்ச். அதை மோட்டாரில் இணைக்க வேண்டாம், கூப்பிடும் மணியில் இணைப்போம். கட்டில் தடையில்லாமல் ஏறும், 30ஐத் தாண்டிய உடனே மணி அடிக்கும், டூட்டியில் இருப்பவர் வந்து கையால் அணைக்கும்வரை நிற்காது. பகலில் துண்டிக்க ஒரு சாவி சுவிட்ச். தம்பி, சனிக்கிழமை வந்து ரிமோட்டை மீட்டரில் பார்க்கிறேன். அந்த இருவரின் கட்டில் எதுவென்று மட்டும் குறித்து வையுங்கள்.