பட்டாளத்தில் எடுத்த படங்கள் யார் வீட்டில் இருக்கின்றன?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற ராணுவ டிரைவர்:

எல்லாருக்கும் வணக்கம். ராணுவத்தில் ஏ.எஸ்.சி.யில், அதாவது படைக்குச் சாமான் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரிவில், டிரைவராக இருந்தேன். ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லே வரை கான்வாய் ஓட்டிய காலத்தில் கையில் ஒரு சோனி சைபர்ஷாட் கேமரா வைத்திருந்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. மெமரி ஸ்டிக் நிறைந்துவிட்டால், லீவில் வரும்போது ஜம்முவில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து சி.டி.யில் ஏற்றிக்கொள்வேன். அப்புறம் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ். 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி. அதில் உட்கார்ந்து படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வருவோம், பேட்டரி தீரும்வரை.

பட்டாளத்தில் கேமரா வைத்திருந்தாலும் நினைத்ததையெல்லாம் எடுக்க முடியாது. துப்பாக்கி, போஸ்ட், பாலம், ஹெலிபேட், வண்டி நம்பர் எதுவும் படத்தில் விழக்கூடாது. மிஞ்சுவது நாங்கள் தங்கும் பேரக், சமையல் நடக்கும் லங்கர், சாலையோரத்து மஞ்சள் போர்டுகள், மனிதர்கள். ஃபோட்டு லா கணவாயில் 13,479 அடி என்று எழுதிய போர்டு இருக்கும். ஸ்ரீநகர்–லே சாலையில் அதுதான் ஆக உயரமான இடம். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளாத டிரைவர் கிடையாது. லே நெருங்கும்போது பத்தர் சாகிப் குருத்வாரா வரும். பட்டாளமே பார்த்துக்கொள்ளும் இடம் அது. எந்த மதத்துக்காரனாக இருந்தாலும் வண்டியை நிறுத்தி, தலையில் துணி கட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவான். அப்படி வரிசையாகத் தலையில் காவித்துணி கட்டிய எங்கள் பசங்கள், ஒருவன் தேனி, ஒருவன் கொல்லம், ஒருவன் கர்நூல், எல்லாரும் டீ கிளாசோடு நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த படங்களில் அது ஒன்று.

ஒரு குளிர்காலம் டிராஸில் தங்க வேண்டி வந்தது. ஸ்ரீநகருக்கும் டிராஸுக்கும் நடுவில் இருக்கும் சோஜிலா கணவாய் பனியில் மூடிவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவன் அந்தப் பக்கம்தான். மைனஸ் 20 எல்லாம் அங்கே சாதாரணம். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ய எஞ்சினுக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றுவோம். கேமரா பேட்டரி வெளியே இருந்தால் இரண்டு படத்தில் செத்துவிடும். அதைக் கழற்றி பனியனுக்குள் வைத்துக்கொள்வேன். வெளியிலிருந்து பேரக்குக்குள், புகாரி அடுப்பு எரியும் சூட்டுக்குள் வந்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். கேமராவை ஒரு கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டு மூலையில் வைத்து, அது மெதுவாகச் சூடேறிய பிறகுதான் எடுப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் எடுத்த ஒரு படத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்களோடு தென்காசிப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லாம் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பொங்கலுக்கு எப்படியாவது தோசை சுட்டே தீருவேன் என்று நின்றார். லீவிலிருந்து வந்தவன் கொண்டுவந்த மிக்சியில் மாவு அரைத்தாயிற்று. ஆனால் அந்தக் குளிரில் மாவு எங்கே புளிக்கும்? பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, புகாரிக்குப் பக்கத்தில் வைத்து, ராத்திரி முறை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டோம். மூன்றாம் நாள் லேசாகப் பொங்கியது. படத்தில் அண்ணாச்சி கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சப்பாத்திக் கல்லில் எவர்சில்வர் டம்ளரின் அடியால் மாவை வட்டமாகத் தேய்க்கிறார். சுண்டுவிரலில் மாவு ஒட்டியிருக்கிறது. வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் ஒரு கர்வாலிப் பையன் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

அடுத்த சில வருடத்தில் வேறொரு யூனிட்டில் இருந்தபோது, மலைச்சாலையில் வண்டி பள்ளத்தில் விழுந்து அண்ணாச்சி போய்விட்டார். நான் அப்போது அஸ்ஸாமில் இருந்தேன். பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்தபிறகுதான் அவர் வீட்டைத் தேடிப் போக முடிந்தது. சுவரில் மாலை போட்டு ஒரு படம். யூனிபார்மில், நீலப் பின்னணியில், ஸ்டுடியோவில் விறைப்பாக எடுத்தது. பட்டாளத்துக்காரன் வீட்டில் எல்லாம் அந்த ஒரே படம்தானே இருக்கும். நான் இந்தத் தோசைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவருடைய அம்மா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அய்யா, இது அவன் சிரிப்புதான். அந்தப் படத்துல சிரிக்கவே மாட்டேங்கான்" என்றார். அண்ணாச்சியின் மகன் எட்டாவது படிக்கிறான். அவர் போகும்போது கைக்குழந்தை. "அப்பா தோசை சுடுவாங்களாம்மா?" என்று கேட்டான். "நம்ம வீட்ல ஒரு நாள்கூட அடுப்புப் பக்கம் வந்தது கிடையாது" என்று அண்ணாச்சியின் மனைவி சொன்னபோது, அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. அப்புறம் சாயங்காலம்வரை என்னை விடவில்லை. அந்தக் கர்வாலிப் பையன் யார், அந்த டம்ளர் யாருடையது, தோசை ருசியாக இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இதுதான் வேலை. பழைய படத்தில் யார் இருக்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நாம் எடுத்ததாலேயே அது நம்முடைய படம் ஆகிவிடாது என்பது என் முடிவு. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

வேலூர் மாவட்டத்திலிருந்து:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவரும் படித்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்ட ஊர். எங்கள் பக்கமெல்லாம் பீரோவைத் திறந்தால் டிரங்குப் பெட்டி, டிரங்குப் பெட்டியைத் திறந்தால் சி.டி. உறை. அப்பாவுடைய சி.டி.க்களும் அப்படித்தான் இருந்தன. போன வருடம் கம்ப்யூட்டரில் போட்டால் பாதி சி.டி. திறக்கவே இல்லை. மேலே வெள்ளிப் பூச்சு உரிந்து, பொட்டுப் பொட்டாக ஓட்டை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் யூனிட்டில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். காலையில் பூப்படம், குட் மார்னிங், அவ்வளவுதான் ஓடிக்கொண்டிருக்கும். நான் அப்பா பெயரில் ஒரு செய்தி போட்டேன்: 2003லிருந்து 2006வரை எடுத்த படங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று. அன்று ராத்திரியே பாலக்காட்டிலிருந்து ஒரு நாயர் மாமா பேசினார். அப்பா எடுத்த சி.டி.யை அந்தக் காலத்திலேயே அவர் காப்பி போட்டு வைத்திருக்கிறார். பிறகு ஹார்ட் டிஸ்க், அதற்கப்புறம் அவர் மகள் வாங்கிக் கொடுத்த இன்னொரு ஹார்ட் டிஸ்க் என்று மாற்றி மாற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். மொத்தத்தையும் அனுப்பிவைத்தார். அப்பா தொலைத்தது அத்தனையும் பாலக்காட்டில் இருந்திருக்கிறது.

அந்த மாமாவும் அத்தையும் காட்பாடிக்கு வந்தார்கள். ஸ்டேஷனில் அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அப்பாவுக்கும் மலையாளம் புரியும். ஆனாலும் இரண்டு பேருக்கும் இந்திதான் வந்தது. அந்த நட்பு அந்த மொழியில் வளர்ந்தது போல.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் பட்டாளத்துக்காரன் இல்லை, ஊர் சுற்றுபவன். சொல்லலாம்தானே? சிக்கிம் போயிருந்தோம். காங்டாக்கில் பர்மிட் எடுத்து, சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாய்க்குப் போக வேண்டும். 14,140 அடி. எல்லைக் கோட்டில் மொபைல், கேமரா எதற்கும் அனுமதி இல்லை. கீழே இறங்கி வரும்போது, பணியில் இறந்த ராணுவ வீரர் பாபா ஹர்பஜன் சிங்குக்குக் கட்டிய கோயில் பக்கம் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு வீரர் வந்து நின்றார். "எந்த ஊருங்க?" என்றார். அவர் தர்மபுரி. அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை என்னால் எழுதிக் காட்ட முடியாது. என் மனைவி பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அங்கே அவருடைய போனுக்கு அன்று நெட்வொர்க் இல்லை. "அண்ணா, ஒரு போட்டோ எடுத்து எங்க வீட்டு நம்பருக்கு அனுப்புறீங்களா? ஃபேஸ்புக்ல மட்டும் போட்டுடாதீங்க" என்றார். வெறும் மலையும் பனியும் தெரிகிற மாதிரி அவரே இடத்தைத் தேர்ந்தெடுத்து நின்றார். காங்டாக் வந்ததும் அனுப்பினேன். உடனே அவருடைய மனைவியிடமிருந்து பதில்: "அண்ணா ரொம்ப நன்றி. இளைச்சிருக்காரா?" என்னவென்று சொல்வது? "நல்லா இருக்காருங்க, முறுக்கு சாப்பிட்டாரு" என்று என் மனைவி எழுதினாள். இன்றைக்கும் தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் வாழ்த்து போகும், வரும்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற நாயக்:

நான் ஐ.நா. படையில் காங்கோ போனவன். கோமா என்ற ஊர். பக்கத்திலேயே நைராகோங்கோ எரிமலை. 2002 ஜனவரியில் அது வெடித்து நெருப்புக் குழம்பு ஊருக்குள்ளேயே ஓடியிருக்கிறது. நாங்கள் போனபோதும் தெருவெல்லாம் கறுப்புக் கல், அந்தக் கல்லை உடைத்தே வீட்டுச் சுவர் கட்டியிருந்தார்கள். மரத்தாலேயே செய்த பெரிய இரண்டு சக்கர வண்டி ஒன்று அங்கே உண்டு, சுக்குடு என்பார்கள். நம் ஊர் மாட்டுவண்டி பாரத்தை அதில் ஏற்றிக்கொண்டு பையன்கள் ஒரு காலால் உந்திக்கொண்டே இறக்கத்தில் பறப்பார்கள்.

எங்களுக்கு மொழிபெயர்க்க உள்ளூர்க்காரர் ஒருவர் வருவார். சுவாஹிலி, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் வைத்துக் குடும்பத்தைப் படம் எடுத்தேன். மனைவி, பாட்டி, ஐந்து பிள்ளைகள். கேமராவின் சின்னத் திரையில் காட்டியதும் பாட்டி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எரிமலை வந்தபோது அவர்கள் வீட்டில் இருந்த பழைய படமெல்லாம் வீட்டோடு போய்விட்டதாம். லீவில் மதுரை வந்தபோது டவுன்ஹால் ரோட்டில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து எடுத்துப் போனேன். வாங்கிக்கொண்டு அந்த மனுஷர் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. 2021 மே மாதம் அதே எரிமலை மறுபடி வெடித்ததைச் செய்தியில் பார்த்தபோது முதலில் அந்தக் குடும்பத்தைத்தான் நினைத்தேன். மின்னஞ்சல் போட்டேன். எல்லாரும் பத்திரம் என்று பதில் வந்தது. வீட்டை விட்டு ஓடியபோது படத்தையும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. மதுரை நாயக் சாப், உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

சில விஷயம் சொல்ல வேண்டும். தர்மபுரித் தம்பி ஃபேஸ்புக் வேண்டாம் என்று சொன்னது ரொம்பச் சரி. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லிப் படையில் உத்தரவே வந்தது. போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நேரமும், லொகேஷன் ஆனில் இருந்தால் எடுத்த இடமும் பதிந்திருக்கும். பணியில் இருப்பவர் படமென்றால் அவர் வீட்டுக்கு மட்டும், அதுவும் அவர் சம்மதத்தோடு. பொதுவில் போடவே போடாதீர்கள். ஓய்வு பெற்றவர்கள் விஷயத்திலும் பின்னால் என்ன தெரிகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வேலூர்த் தங்கச்சிக்கு: அந்த மாமா செய்ததைத்தான் எல்லாரும் செய்ய வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் போய்விடும். ஃபேஸ்புக் மாதிரி இருந்த ஆர்க்குட் தளத்தில் எத்தனை பேர் படம் போட்டிருந்தோம்! 2014 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கூகுள் போட்டோஸிலும் கணக்கில்லாமல் சேர்க்கும் வசதி 2021 ஜூனோடு போயிற்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பிரிண்ட் போட்டால் முகம் கலங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பெயர். அந்தக் கேமராவில் பேட்டரியைக் கழற்றினால் தேதி அழிந்து பழையபடி ஜனவரி 1க்குப் போய்விடும். குளிரில் நான் தினம் கழற்றியதால் என் படங்களில் பாதி ஜனவரி 1 என்றுதான் காட்டும். தேதியை நம்ப முடியாது, முகம் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு படத்தின் பெயரையும் மாற்றி, ஆள் பெயர், ஊர், எடுத்த இடம் என்று தமிழிலேயே எழுதிவருகிறேன். கூட இருந்தவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். இப்போது செய்யாவிட்டால் இந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருக்காது.

பெயர் கிடைக்காத படம் இன்னும் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றைப் பற்றி இங்கே கேட்டுவிடுகிறேன். கார்கில் டிரான்சிட் கேம்ப், 2005 கோடையாக இருக்கலாம். ஒல்லியான பையன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, மடியில் ஒரு கறுப்பு நாய்க்குட்டி. மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆள், பேச்சு தஞ்சாவூர் பக்கம் மாதிரி இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். பிரிண்ட் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன்.