பேத்தி வர இன்னும் 9 நாள் – எங்க வீட்டுக் குழு

காலை 8:12
அக்கா: அம்மா, டிக்கெட் உறுதியாயிடுச்சு. 12 ராத்திரி தங்குறோம். குட்டிக்கு அப்போ 1 வயசு 8 மாசம். ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. இப்பவே சொல்லிட்டேன்.

அப்பா: ஹால்ல இருந்த கண்ணாடி மேஜையை மாடிக்கு ஏத்தியாச்சு. வேற?

சித்தி: அத்தான், ஒரு தடவை தரையில உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து வீட்டைச் சுத்திப் பாருங்க. நின்னு பார்த்தா தெரியாத பிளக் பாயின்ட், சோபா அடியில நீட்டிட்டு இருக்கிற ஆணி எல்லாம் அப்பதான் கண்ணுல படும். கை தூக்கினா அவளுக்குச் சுமாரா 1 மீட்டர் வரைக்கும் எட்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டா அந்தக் கணக்கும் போச்சு.

அம்மா: என் மாத்திரை டப்பா கட்டில் பக்கத்துல இருக்கு. மூடி டைட்டாத்தான் இருக்கும்.

சித்தி: திங்கள், செவ்வாய்னு கட்டம் போட்டதா? அது நம்ம விரலுக்குச் சுலபமாத் திறக்கணும்னே செஞ்சது அக்கா. அவளுக்கு அது கிலுகிலுப்பை. பூட்டுற அலமாரிக்குள்ள போகட்டும்.

சித்தி: பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையில சிலது ஒண்ணே ஒண்ணு உள்ள போனாலும் அந்த எடைக்கு ஆபத்து. சர்க்கரை மாத்திரை பல மணி நேரம் கழிச்சுக்கூட வேலையைக் காட்டும். "விளையாடிட்டுத்தானே இருக்கா"ன்னு காத்திருக்கக் கூடாது, அட்டையைக் கையில எடுத்துட்டு உடனே ஆஸ்பத்திரிதான்.

நான்: அக்கா, உன் ஹேண்ட்பேக்கும்தான். வந்ததும் சோபாவுல வீசிட்டுப் போவியே.

அக்கா: சரி சரி. கதவுக்குப் பின்னாடி உயரமா ஒரு கொக்கி அடிச்சு வைக்கச் சொல்லு.

அத்தை: அண்ணா, ரிமோட்டைப் பாருங்க. பேட்டரி மூடி உடைஞ்சு ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தா மாத்திடுங்க. எடை மெஷின், பாட்டுப் பாடுற பொம்மை இதுல எல்லாம் காசு மாதிரி வட்ட பேட்டரி இருக்கும். ஸ்குரு போட்டு மூடினதா பாருங்க.

அப்பா: தீர்ந்துபோன பேட்டரி ரெண்டு மூணு டிராயர்ல கிடக்கு. அதுவுமா?

அத்தை: அதுவும்தான். தீர்ந்ததுல மிச்சம் இருக்கிற மின்சாரமே போதும். உணவுக்குழாயில மாட்டினா, ஈரத்துல மின்சாரம் ஓடி அங்கேயே காரம் உண்டாகும். 2 மணி நேரத்துலயே வெந்து புண்ணாயிடும். முழுங்கிட்டாளோன்னு சந்தேகம் வந்தாலே கிளம்பணும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

அம்மா: பயமுறுத்தாதீங்கப்பா. விளையாட என்ன வாங்கி வைக்க?

அக்கா: ஒண்ணும் வாங்காதேம்மா!

சித்தி: வேறவேற அளவுல மூடி போட்ட டப்பா 3, பிளாஸ்டிக் மக்கு 2, புது ஸ்பாஞ்சு பெருசா ஒண்ணு. அகலமான தட்டுல 2 செ.மீ. தண்ணி ஊத்தி நிழல்ல வைங்க. இந்த மக்குல இருந்து அந்த மக்குக்கு ஊத்துறதே அவளுக்குப் பெரிய உத்தியோகம். அத்தானுக்கு வேலை: பெயின்ட் பிரஷைத் தண்ணியில தொட்டு அவகிட்ட குடுத்து, சுவத்துல தேய்க்க விடுறது. வெயிலுக்குக் காய்ஞ்சு மறைஞ்சிடும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பா. பொம்மை எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டாதீங்க. 4, 5 மட்டும் வெளியில, மீதி மூட்டையில. 2 நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க.

நான்: முடிஞ்சதும் தட்டைக் கவிழ்த்துடணும். பாத்ரூம் பக்கெட்டையும். தலை கனம், குப்புற விழுந்தா தானா எந்திரிக்க முடியாது. 5 செ.மீ. தண்ணியே போதும்.

அக்கா: சின்ன சாமான் சந்தேகம்னா டாய்லெட் பேப்பர் சுருளோட அட்டைக் குழாய்ல போட்டுப் பாருங்க. உள்ள விழுந்தா அது அவ கைக்குக் கிடைக்கக் கூடாத சாமான். திராட்சையை நீளவாக்குல நாலா நறுக்கணும். குறுக்க வெட்டினா வட்டம் அப்படியே தொண்டையை அடைக்கும்.

மாலை 6:40
அப்பா: ரெண்டு கையையும் பிடிச்சுத் தூக்கி ஊஞ்சல் ஆட்டலாம்ல?

அத்தை: வேண்டாம்ணா. 5 வயசுக்குள்ள முழங்கை எலும்பைப் பிடிக்கிற தசைநார் தளர்வா இருக்கும். வெடுக்குனு இழுத்தா எலும்பு நழுவிடும். கை தொங்கும், அசைக்கவே மாட்டா. அக்குளுக்குக் கீழ கை குடுத்துத்தான் தூக்கணும்.

அத்தை: உங்க இடுப்பையும் பாருங்க. 11 கிலோ இருப்பா. குனிஞ்சு கை நீட்டித் தூக்காம, ஒரு முட்டியை ஊன்றி, நெஞ்சோட அணைச்சு, அப்புறம் எந்திரிங்க. திரும்பறப்போ பாதத்தோட திரும்புங்க, இடுப்பை மட்டும் முறுக்காதீங்க. அண்ணிக்கு முட்டி வலி, தூக்கவே வேண்டாம். நாற்காலியில உட்கார்ந்தா அவளே மடியில ஏறுவா.

அம்மா: எங்க ஏறப் போறா? போன தடவை என்னைப் பார்த்ததும் அழுதாளே.

அக்கா: அது அந்த வயசும்மா. இந்தத் தடவை வாசல்லயே அள்ளிக்காதீங்க, அவ்ளோதான். நான் தூக்கி வச்சிருக்கப்போ என்கிட்ட பேசுங்க, அவளைப் பார்க்காத மாதிரி. அப்புறம் தரையில உட்கார்ந்து அந்த டப்பாவைத் திறந்து மூடிட்டு இருங்க. 10 நிமிஷமும் ஆகும், அரை நாளும் ஆகும். அவளே வந்து மூடியை உங்க கையில குடுப்பா. அதுக்கப்புறம் நீங்க விடச் சொன்னாலும் விடமாட்டா.

அக்கா: மதியம் 12:30லேர்ந்து 2:30 தூங்குவா. 3:30 தாண்டித் தூங்க விட்டா ராத்திரி எல்லாருக்கும் சிவராத்திரி. விரிப்பு நானே துவைக்காம கொண்டு வரேன். வாசனை மாறினா புது இடத்துல தூங்கமாட்டா. புழுங்குதான்னு பார்க்கக் கையைத் தொடாதீங்க, பிடரியைத் தொட்டுப் பாருங்க. வேர்த்திருந்தா ஒரு துணியைக் குறைங்க.

நான்: மாடிப்படிக் கேட்?

சித்தி: மேல்படியில ஸ்குரு அடிச்சதுதான் போடணும். அழுத்தி நிக்கிற மாதிரி கேட் அவ சாய்ஞ்சா பேர்ந்து வந்துடும், கீழ் கம்பியும் கால் தடுக்கும். அதைக் கீழ்படிக்கு வச்சுக்கலாம்.

இரவு 9:05
அப்பா: டேப் வச்சு அளந்து, சுவரெல்லாம் 1 மீட்டர்ல பென்சில் கோடு போட்டுட்டேன். கோட்டுக்குக் கீழ ஒரு சாமான் இல்லை. உங்கம்மாவோட மூக்குக் கண்ணாடிக் கூடு ஒண்ணுதான் பாக்கி.

அம்மா: ஏங்க, அது உங்க கூடு.