சிபிநாட்டில் 'நெகட்டிவ்' வந்துவிட்டது, ஆனால் எக்ஸ்ரேயில் நிழல். எதை நம்புவது?

மன்னவனூர்_மகள்:
அப்பாவுக்கு வயது 61, பூண்டுக்காட்டு வேலை. ஒரு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், ஆள் பாதியாக இளைத்துவிட்டார். மலையில் பனிக்காலம் வந்தால் யாருக்குத்தான் இருமல் இல்லை என்று நாங்களும் மூன்று வாரம் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டோம், அதை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது. போன வாரம் கொடைக்கானலில் எக்ஸ்ரே எடுத்தோம், வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல் என்றார்கள். சளியை சிபிநாட் மெஷினில் போட்டதில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்திருக்கிறது. மெஷினே சொல்லிவிட்டது, இனி என்ன என்கிறார் சித்தப்பா. அப்படி விட்டுவிடலாமா?

லேப்_வத்தலக்குண்டு:
விட வேண்டாம் தங்கச்சி. இந்த மெஷின் நல்ல மெஷின்தான், கிருமியின் மரபணுவையே தேடுகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தருகிறது, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். நுண்ணோக்கியில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும், இதற்கு நூற்றுச் சொச்சம் போதும், சளியை ஊற்றி மெஷினில் வைக்கும் கார்ட்ரிட்ஜில் 'அல்ட்ரா' என்ற புதிய வகைக்கு 16 போதும். ஆனாலும் கல்ச்சரில், அதாவது சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பதில், நோய் உறுதியானவர்கள் 100 பேரில் 'எக்ஸ்பர்ட்' என்ற பழைய கார்ட்ரிட்ஜ் சுமார் 85 பேரைத்தான் பிடிக்கிறது. நுண்ணோக்கியில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைவாக இருப்பவர்களை மட்டும் எடுத்தால் அது 67 பேர்தான், அதாவது மூன்றில் ஒருவர் தப்பிவிடுகிறார். 'பாசிட்டிவ்' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'நெகட்டிவ்', அதுவும் எக்ஸ்ரேயில் நிழல் இருக்கும்போது, அப்படி இல்லை. சரி, சளியை எப்போது எடுத்தீர்கள்? சளிதானா, எச்சிலா?

மன்னவனூர்_மகள்:
சாயங்காலம் அண்ணா. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் துப்பினார். தண்ணி மாதிரிதான் இருந்தது.

லேப்_வத்தலக்குண்டு:
அப்படியானால் மெஷின் பார்த்தது எச்சிலைத்தான். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள், கெட்டியாக வர வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், வாசலில் ஆள் இல்லாத பக்கம் நின்று எடுக்கட்டும். திரும்ப சிபிநாட்டும், கூடவே கல்ச்சரும் கேளுங்கள். கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகும். ஆனால் எக்ஸ்ரேயும் அறிகுறியும் பொருந்தினால் மருத்துவர் அதற்கு முன்பே சிகிச்சை தொடங்கலாம்.

பண்ணைக்காடு_காப்பி:
ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா, அப்பாவுக்கு முன்பு காசநோய் வந்திருக்கிறதா? எனக்கு மருந்து முடித்து இரண்டு வருஷம் கழித்து அல்ட்ராவில் 'ட்ரேஸ்', அதாவது கிருமியின் தடயம் மிகக் கொஞ்சமாக இருக்கிறது என்று வந்தது. ஒரு மருத்துவமனையில் உடனே மறுபடியும் ஆறு மாத மருந்து என்றார்கள், வீட்டில் ஒரே அழுகை. கடைசியில் கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை. செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டுமாம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்தாததும் அதனால்தான்.

மன்னவனூர்_மகள்:
இல்லை தம்பி, இதுவே முதல் தடவை. இடையில் மெடிக்கல் ஷாப்பில் இருமலுக்கு என்று லீவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், அது பரவாயில்லையா?

லேப்_வத்தலக்குண்டு:
அதைச் சொன்னது நல்லது. அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும், நோய் மறைந்துபோகும். இனிமேல் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்ததை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

மன்னவனூர்_மகள்:
நாளைக் காலை எடுத்து முதல் பஸ்ஸில் போகிறோம். வழியில் சளி கெட்டுவிடாதே?

லேப்_வத்தலக்குண்டு:
கெடாது. மூடியை இறுக்கி, வெயில் படாமல் பைக்குள் நேராக வைத்துக் கொண்டுபோய் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு மாஸ்க் போட்டு ஜன்னலோரமாக உட்கார வையுங்கள்.