தலைத்திவசத்துக்கு மறுநாள் வேன்

குழு: பாளை வீடு

பெரியப்பா: எல்லாரும் பாருங்க. சனிக்கிழமை எங்க அப்பா, அதான் பிள்ளைகளுக்குத் தாத்தா, தலைத்திவசம் மத்தியானத்தோட முடிஞ்சிரும். ஞாயித்துக்கெழமை எவனும் ஊருக்குக் கிளம்பாதீங்க. துட்டி வீட்டுக்காரங்க வருசம் திரும்பாம மலையேறக் கூடாதுன்னு இத்தன நாளு பொறுத்தாச்சு. காலைல கழுகுமலை, மத்தியானத்துக்கு மேல ஆதிச்சநல்லூர். யுனிவர்சிட்டில தொல்லியல் படிச்ச பையன் ஒருத்தன் கைடா கூட வாரான். வட்டெழுத்து, அதான் பழைய காலத்துத் தமிழ் எழுத்து, வாசிப்பான். குமார் வேன் பாக்கான். வாரவங்க எத்தன பேருன்னு போடுங்க.

குமார் அத்தான்: பெரிய மாமா 12 சீட்டா 17 சீட்டா

சித்தப்பா: நாங்க 3

மீனா: நாங்களும் 3. பிள்ளைக்கு சீட்டு வேண்டாம், மடியில வச்சுக்கிடுதேன்

கார்த்தி: நான் ஜன்னலோரம்

பேட்டை அத்தை: ஞாயித்துக்கெழமையா

பேட்டை அத்தை: முடிஞ்ச மறுநாளேவா

பெரியப்பா: சங்கடமெல்லாம் சனிக்கிழமையோட தீந்துச்சுல்லா தங்கச்சி.

பேட்டை அத்தை: மலைக்கு நான் ஒண்ணும் சொல்லல. முருகன் கோயில், தாராளமா போங்க. அந்தப் பறம்பு எதுக்கு? திவசம் குடுத்த கையோட புதைகாட்டுல போயி நிக்கணுமா? ஐசு ஏழு மாசம்

ஐசு: நான் வாரேன் அத்தை. எனக்கு ஒண்ணும் பயம் இல்ல

பெரியம்மா: நீ வேன்லயே இரு

ஐசு: அம்மா

மாமா: முட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை. வாரம் மூணு தடவ தோசைல அரச்சுப் போடவும். அனைவருக்கும் பகிரவும்.

பெரியப்பா: தங்கச்சி, நீ சொல்லுதது தப்புங்கல. புதைகாடுதான். 114 ஏக்கர். திருச்செந்தூர் ரோட்டுல எத்தன தடவ பஸ்ல போயிருப்போம், ஒரு தடவ இறங்கிப் பாத்திருக்கோமா? 1876ல பெர்லின்ல இருந்து ஜாகர்னு ஒருத்தர் வந்து தோண்டி, கிடைச்சத அவரு ஊருக்கே கொண்டு போயிட்டாரு. 1899ல இருந்து அலெக்சாண்டர் ரியா தோண்டுனாரு. வெங்கலச் சாமான், இரும்பு வாளு, வேலு, தங்கத்துல நெத்திப்பட்டம். அது எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. பொறவு 2004ல தோண்டும்போது செத்தவங்கள வச்சுப் புதைச்ச மண் தாழி 169. நம்ம ஆத்தங்கரைல கிடைச்ச சாமான நாம பாக்கணும்னா வெளியூருக்கு டிக்கெட் எடுக்கணும்னு இருந்துச்சு. எனக்கு அது ரொம்ப வருசத்து வருத்தம். 2023லதான் தோண்டுன குழிய அப்படியே வச்சு, மேல கண்ணாடி போட்டு, அங்கனயே மியூசியம் தெறந்தாங்க. கண்ணாடி மேல நின்னு குனிஞ்சா கீழ தாழி.

பெரியப்பா: இன்னொண்ணு. தாழிக்குள்ள எலும்ப மட்டும் போட்டு மூடல. சட்டி, பானை, அவன் வச்சிருந்த ஆயுதம் எல்லாம் வச்சிருக்காங்க. அந்தா இருக்க சிவகளைல ஒரு தாழிக்குள்ள நெல்லு உமி கிடைச்சு, அத அமெரிக்காவுல பரிசோதிச்சா கி.மு. 1155னு வருது. சனிக்கிழமை நாம அப்பாவுக்கு இலையில சோறு வைக்கோம். அவங்க தாழில நெல்லு வச்சாங்க. செத்தவன் பசியோட போகக் கூடாதுங்க எண்ணம் ரெண்டுலயும் ஒண்ணுதான. அதனாலதான் திவசத்துக்கு அடுத்த நாள் போகணுங்கேன்.

சித்தப்பா: சரி அண்ணன்

குமார் அத்தான்: 12ஆ 17ஆ

பேட்டை அத்தை: நெல்லு வச்சது சரி. வீட்டுக்கு வந்து தலை முழுகணும்லா. ராத்திரி எட்டு மணிக்கு பச்சப்பிள்ளைகளுக்கு தலைக்கு ஊத்த முடியுமா

மீனா: ஆறு பக்கத்துலதான அத்தை. அங்கனயே குளிச்சிட்டு ஏறிருவோம்

சித்தி: பாப்பாவுக்கு சளி இருக்கு

சித்தி: அத்தான், ஒரு சந்தேகம். மேப்ல பாத்தா கழுகுமலை ஒரு பக்கம், ஆதிச்சநல்லூர் நேர் எதிர்ப்பக்கம். ரெண்டும் ஒரே நாள்ல முடியுமா?

பெரியப்பா: முடியும் மா. காலைல 5 மணிக்கு எடுத்துரணும். நாலு வழிச்சாலைல கோயில்பட்டி, அங்கன இருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். பாறை சூடு ஏறுறதுக்கு முன்ன மேல இருக்கணும். 10 மணிக்குக் கீழ. அடிவாரத்துல சாப்பாடு. திரும்பி திருநெல்வேலி வழியா அந்தப் பக்கம்.

கார்த்தி: கோயில்பட்டி வழின்னா கடலைமிட்டாய்

மீனா: ஆமா ஆமா

கார்த்தி: போன தடவ வாங்குனது எனக்கு ஒண்ணுகூட வரல

பெரியம்மா: ரெண்டு பாக்கெட்டையும் நீதான தின்ன

சித்தப்பா: 2020ல அதுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. நம்ம தாமிரபரணித் தண்ணிதான் அந்த ருசிக்குக் காரணம்ங்காங்க

மாமா: கிருஷ்ணாபுரம் போற வழிதான. சிலை பாத்துட்டுப் போவோம். ஒரு மணி நேரம்

பெரியப்பா: ஒரு மணி நேரத்துல கிருஷ்ணாபுரத்தப் பாக்க முடியாது அத்தான். அது தனி நாளு.

குமார் அத்தான்: வேன்காரர் ராத்திரிக்குள்ள சொல்லச் சொல்லுதாரு. டீசல் தனி

சித்தப்பா: வேன் காசத் தோப்புக் குத்தகைல எடுத்துக்கிடலாமே. ரெண்டு வருசமா அது அப்படியே கெடக்கு

பேட்டை அத்தை: அப்படியே கெடக்கா? யாருகிட்ட கெடக்கு

அப்பா: அத இங்கன பேசாண்டாம்

பெரியப்பா: வேன் காசு என்னது. முடிஞ்சுது.

அப்பா: அம்மா கேக்காவ, எல்லாரும் எங்க போறிய, என்னைய மட்டும் எங்கன விட்டுட்டுப் போறியன்னு

பெரியப்பா: அம்மாவுக்காகத்தான் இந்த வேனே.

அப்பா: முட்டு?

பேட்டை அத்தை: 79 வயசுல அம்மாவ மலையில ஏத்தப் போறியளா? கீழ முருகன் கோயில்ல நெழல்ல இருக்கட்டும். நான் கூட இருக்கேன்

பெரியப்பா: அதான் கூடாதுங்கேன். திரும்பவும் கீழயா?

பேட்டை அத்தை: அப்பம் 1988ல ஏத்திருக்கணும்

பேட்டை அத்தை: குமாருக்கு மொட்டை போடப் போனோம்லா. அப்பா, நீ, தம்பிய, இவுக எல்லாரும் மேல போனிய. நானும் அம்மாவும் கைப்பிள்ளையும் அம்புட்டுப் பையும் கீழ. குரங்கு வந்து சாப்பாட்டு வாளியத் தட்டிட்டுப் போயிட்டு. ரெண்டு மணிக்கு இறங்கி வந்திய. மேல என்ன இருக்குன்னு அம்மா கேட்டாவ. ஒண்ணுமில்ல, வெறும் பாறைதான்னு அப்பா சொன்னாவ. நீ பக்கத்துலதான் நின்ன அண்ணன்

குமார் அத்தான்: அந்த மொட்டை நான்தானா

சித்தப்பா: நானும் ஏறுனேன். எனக்குப் பதிமூணு வயசு. பனங்கிழங்கு தின்னது மட்டும் ஞாபகம் இருக்கு

சித்தி: அத்தை இத என்கிட்ட சொன்னதே இல்ல

பேட்டை அத்தை: யாருகிட்டயும் சொல்ல மாட்டாவ

பெரியப்பா: நின்னேன். நானும் வாயத் தெறக்கல. அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. சாமியாரு சிலைன்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டோம். வாத்தியார் வேலைக்கு வந்து, வகுப்புக்குச் சொல்லணுமேன்னு படிச்சப்பதான் எதத் தாண்டிப் போனோம்னு தெரிஞ்சுது. எழுதுதேன், பொறுமையா வாசிங்க. அம்மாவுக்கு யாராவது சத்தமா வாசிச்சுக் காட்டுங்க.

பெரியப்பா: அந்த மலை மேல இருந்தது ஒரு சமணப் பள்ளி. துறவிங்க தங்கி, படிச்சு, படிச்சுக் குடுத்த எடம். பாறைச் சுவருல வரிசை வரிசையா ஏறத்தாழ 150 திருமேனி செதுக்கிருக்கு. கீழ வட்டெழுத்து, நூறு கல்வெட்டுப் பக்கம் இருக்கும். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலம், எட்டாம் நூற்றாண்டு, அதுக்குப் பின்னயும் கொஞ்சம். ராசா பேரு கொஞ்சந்தான். பெரும்பாலும் இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனின்னு சாதாரண ஆட்க பேரு. அதுல குரத்தியார் குரத்தியார்னு வருது பாருங்க, அது பொம்பளை குரு. திருச்சாரணத்துக் குரத்தின்னு ஒருத்தர். திருச்சாரணம்னா இப்ப மார்த்தாண்டம் பக்கத்துல இருக்க சிதறால் மலை. அவங்களுக்கு மாணாக்கர் இருந்திருக்காங்க. 1200 வருசத்துக்கு முன்ன இந்த மலைப் பள்ளில பொம்பளைங்க ஆசிரியரா இருந்து, பாறையில பேரு வெட்டிருக்கு. அந்த மலை அடிவாரத்துல எங்க அம்மாவ பைக்குக் காவல் வச்சிட்டு, வந்து வெறும் பாறைன்னோம். எனக்கு அது நெஞ்சுல கெடக்கு.

ஐசு: அப்பா

மீனா: பெரியப்பா, கார்த்தி ஆச்சிக்கு வாசிச்சுட்டு இருக்கான்

பெரியப்பா: இன்னும் ஒண்ணு வாசிக்கச் சொல்லு. அங்க அம்பிகான்னு ஒரு இயக்கி, அதான் சமணப் பெண் தெய்வம், சிலை இருக்கு. பக்கத்துல சிங்கம், பிள்ளை. சமணக் கதைல அவ ஒரு வீட்டு மருமக. திவசத்துக்கு ஆக்கி வச்ச சோத்த, பசின்னு வந்து நின்ன துறவிக்குப் போட்டுட்டா. திவசச் சோறு எச்சிலாப் போச்சுன்னு புருசன் வீட்ட விட்டு வெரட்டிட்டான். ரெண்டு பிள்ளையக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போனா. அவ தெய்வமானா, அவன் மறுபிறப்புல அவளுக்கு வாகனமான சிங்கமானான்.

பேட்டை அத்தை: திவசச் சோத்தையா

பெரியம்மா: நல்லா வேணும் அவனுக்கு

சித்தி: வெட்டுவான் கோயிலும் அங்கதானே அத்தான்? அப்பன் மகனக் கொன்ன கதை?

பெரியப்பா: ஆமா, அதே மலையோட இன்னொரு பக்கம். அப்பன் சிற்பி, மகன் சிற்பி, பொறாமைல உளிய எறிஞ்சான்னு ஊர்ல சொல்லுவாங்க. அது கதை. பாக்க வேண்டியது வேலைய. மலையச் சுத்தி அகழ்ந்து நடுவுல ஒரே பாறைய நிறுத்தி, சிகரத்துல ஆரம்பிச்சுக் கீழ் நோக்கிச் செதுக்கிட்டு வந்திருக்கான். கீழ முடியல, அப்படியே நிக்கு. நாம மேல இருந்து குனிஞ்சு விமானத்தப் பாக்கலாம். கல்லுல அம்புட்டுச் சிரிப்பா பூதகணங்க.

குமார் அத்தான்: 17 சொல்லிட்டேன்

அப்பா: சாப்பாடு?

பெரியம்மா: புளியோதரையும் தொவையலும்

பேட்டை அத்தை: தயிர்ச்சோறு நான் கொண்டாரேன். மாங்காய் ஊறுகா யாராவது

மாமா: குரங்கு

கார்த்தி: ஆச்சி எல்லாத்தையும் கேட்டாவ. குரல் செய்தி போடச் சொன்னேன், மாட்டேங்காவ. சொன்னத அப்படியே அடிக்கேன்

கார்த்தி: "எய்யா, பசின்னு வந்தவனுக்குச் சோறு போட்டா அது எப்படி எச்சிலாகும்? சனிக்கிழமை நம்ம வீட்டுலயும் வாசல்ல ஒருத்தர் வந்து நின்னா, காக்காய்க்கு வைக்கலன்னு சொல்லித் திருப்பக் கூடாது. மொத இலை அவருக்குப் போடுங்க."

பேட்டை அத்தை: சொல்லுவாவ

சித்தப்பா: போடுவோம் மா

பெரியப்பா: சரி மா.

அப்பா: மலைக்கு வாரேன்னாவளா

கார்த்தி: கேட்டேன். பாறையில படி வெட்டிருக்கு, கம்பி இருக்கு, புடிச்சு ஏறலாம்னு சொன்னேன்

கார்த்தி: "ஏறுதேனா இல்லையான்னு அடிவாரத்துல வச்சுத்தான் சொல்லுவேன். பைய இந்தத் தடவ யாரு பாத்துக்கிடுவான்னு மட்டும் இப்பமே முடிவு பண்ணி வைங்க."

குமார் அத்தான்: பை நான் பாத்துக்கிடுதேன் ஆச்சி

பேட்டை அத்தை: நீ எதுக்குல. உங்க அப்பா பாக்கட்டும். அவுக 1988லயே மேல பாத்தாச்சு

மாமா: சரி

பெரியப்பா: பையன்கிட்ட சொல்லிருதேன், குரத்தியார் கல்வெட்டுகிட்ட நிதானமா வாசிக்கணும்னு. அம்மா கேக்க கேக்க ஒவ்வொரு பேரா.

ஐசு: அத்தை, அப்பம் ஆதிச்சநல்லூருக்கு நான் வரலாமா

பேட்டை அத்தை: மருதாணி, வேப்பிலை ரெண்டும் மடியில வச்சுக்கோ

பேட்டை அத்தை: நான் இன்னும் சரின்னு சொல்லல

சித்தி: பாப்பாவ வேன்ல விட்டா யாராவது இருப்பீங்களா

அப்பா: காலைல பேசுவோம். கரண்ட் போயிட்டு

குமார் அத்தான்: அட்வான்ஸ் யாரு போடுதிய