உரக்குழித் தண்ணீர் ஓடைக்குப் போகிறது, உதவுங்கள்

வணக்கம். கோத்தகிரி பக்கம், தேயிலைச் சரிவில் வீடு. ஜூன் மாதம் 3 அடி ஆழத்தில் உரக்குழி வெட்டி, சமையலறைக் கழிவைப் போட்டு வந்தோம். 4 மாதமாகியும் மக்கவில்லை. கையை விட்டால் சூடே இல்லை. முட்டைக்கோஸ் இலை வழவழவென்று அப்படியே வருகிறது. காற்றுப் போகாமல் அழுகிய நாற்றம் வேறு.

நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் கசிந்து, 20 அடி கீழே ஓடையில் கலக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் ஓடை அது. மனசு கேட்கவில்லை.

சாணிக் கரைசல், புளித்த மோர் ஊற்றினேன். சில்வர் ஓக் சருகு போட்டேன், அதுவும் ஈரம்தான். வாரம் ஒருமுறை கிளறினேன். தார்ப்பாய் போட்டால் மண்ணுக்குள்ளிருந்து ஊற்று வருகிறது. இப்போது கழிவு போடுவதையே நிறுத்திவிட்டேன்.

மலைக் குளிரில், மழையில், தரைக்கு மேலே தொட்டி வைத்து மக்க வைத்தவர்கள் கசியும் நீரை எப்படிப் பிடித்து நிறுத்தினீர்கள்?