புதுப்பிப்பு: மகளின் வாந்திக்குக் காரணம் தெரிந்தது

காய்ச்சலோ வயிற்றோட்டமோ இல்லாமல் திடீரென்று தொடர்ந்து வாந்தியெடுத்துச் சோர்ந்துவிடும் எங்கள் ஒன்றரை வயது மகளைப் பற்றியும், ‘கிருமித்தொற்றுத்தான், தானாகச் சுகப்படும்’ என்று ஒவ்வொரு முறையும் திருப்பியனுப்பப்பட்டதைப் பற்றியும் முன்னர் எழுதியிருந்தேன். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் சென்று காட்டிய குழந்தை மருத்துவ நிபுணர், இது உணவுப் புரதத்தால் குடல் அழற்சியடையும் ஒருவகை ஒவ்வாமை என்கிறார். உணவு உண்டு 1 முதல் 4 மணித்தியாலங்களுக்குள் வாந்தி தொடங்கும். தோலில் தடிப்பு தெரியாது. வழக்கமான ஒவ்வாமைப் பரிசோதனைகளிலும் பெரும்பாலும் பிடிபடாது.

ஆகவே அவருக்கு உதவியது, எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சொன்னபடி, என்ன உண்டாள், எத்தனை மணிக்கு உண்டாள், வாந்தி எப்போது வந்தது என்று நான் எழுதிவந்த கொப்பிதான். அதில் மீன் கொடுத்த நாட்களே திரும்பத் திரும்ப வந்தன. (முல்லைத்தீவு மீன் இல்லாத சாப்பாட்டை அவளுடைய அம்மப்பா சாப்பாடென்றே ஏற்பதில்லை, அது தனிப் போராட்டம்.)

மீனை நிறுத்திய பின் வாந்தி வரவில்லை. வந்தால் ஜீவனியை (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல்) சிறிது சிறிதாகக் கொடுக்கவும், வாந்தி பச்சையாக இருந்தாலோ பிள்ளை வெளிறித் துவண்டாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லவும் சொல்லி, நோயின் பெயர் எழுதிய கடிதமொன்றையும் தந்தார். அந்தக் கடிதத்தைக் கண்ட பிறகு, முன்பு திருப்பியனுப்பிய அதே வைத்தியசாலையில் எங்களை உட்காரவைத்துக் கேட்கிறார்கள்.